குன்னூர் வீட்டு மாடியில் மூன்று கொண்டை ஊசி வளைவுகள்

என் மகளின் ஸ்லாட் கார் தடம், மின்சாரத்தில் பொம்மைக் கார்கள் ஓடும் பிளாஸ்டிக் தடம், ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழையில் துருப்பிடித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தபோது என் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த தொகுப்பு அது. இரண்டு கார்கள், இரண்டு கன்ட்ரோலர்கள், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் கறுப்புத் துண்டுகள். அக்டோபரில் மாடி அறையில் விரித்து வைத்தோம். மழை தொடங்கியதும் பள்ளி, தேர்வு என்று அதை மறந்தாகிவிட்டது. டிசம்பர் விடுமுறையில் போய்ப் பார்த்தால், தடத்தின் நீளவாக்கில் போகும் பள்ளமான காடியின் இரு பக்கமும் ஓடும் எஃகுப் பட்டைகளில் பழுப்புப் பொடி. கார் ஒரு முழம் ஓடும், நிற்கும். விரலால் தள்ளினால் இன்னொரு முழம் ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது. தேய்த்ததில் மேல்பூச்சும் போய்விட்டதால் அடுத்த வாரம் முன்பைவிட வேகமாகத் துரு ஏறியது.

குன்னூரில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை முக்கியம் என்றால் எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கன மழை. சன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்துவிடும். அலமாரியில் தோல் செருப்பை வைத்தால் பூஞ்சை பூக்கும். இந்த ஓதத்தில் எஃகுப் பட்டையை நம்பியது தவறு. மரப்பலகையில் நாமே காடி எடுத்து, தாமிர நாடா ஒட்டித் தடம் செய்துகொள்ளலாம் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். பிப்ரவரியில் தொடங்கிய வேலை அடுத்த ஜனவரியில்தான் முடிந்தது. அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன்.

ஸ்லாட் கார் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தடத்தில் ஒரு குறுகிய காடி இருக்கும். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சிறிய நாக்கு அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். நாக்கின் இரு பக்கமும் மெல்லிய தாமிரப் பின்னல்கள், காடியின் இரு பக்கமும் உள்ள பட்டைகளைத் தொட்டுக்கொண்டே போகும். அதன் வழியாகத்தான் காருக்குள் இருக்கும் மோட்டாருக்கு மின்சாரம் கிடைக்கிறது. ஓட்டுபவர் கையில் உள்ள கன்ட்ரோலரின் விசையை எவ்வளவு அழுத்துகிறாரோ அவ்வளவு வேகம். திருப்புவதற்கு எதுவும் இல்லை. திரும்பும் வேலையைக் காடி பார்த்துக்கொள்ளும். எவ்வளவு வேகத்தில் திரும்புவது என்பது மட்டும் நம் விரலில் இருக்கிறது. பிரிட்டனில் பிரெட் பிரான்சிஸ் என்பவர், தாம் தயாரித்துக்கொண்டிருந்த சாவி கொடுத்து ஓடும் தகரக் கார்களுக்குள் மின்மோட்டார் வைத்து 1957-ல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அதன் தடம் ரப்பரில் செய்யப்பட்டது. நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு என்ற அளவு அந்த வரிசையின் மூலம்தான் வீடுகளில் நிலைபெற்றது. எங்கள் கார்களும் அதே அளவு.

தாமிரத்துக்கு மாறினால் ஒன்றை இழக்க வேண்டியிருக்கும் என்பது முதலிலேயே தெரியும். தொகுப்பில் வரும் கார்களின் வயிற்றில் ஒரு காந்தம் இருக்கிறது. அது எஃகுப் பட்டையை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வளைவில் கார் எளிதில் வெளியே பாயாது. தாமிரத்தைக் காந்தம் இழுக்காது. ஆகவே மரத்தடத்தில் காரைப் பிடித்து வைப்பது டயரும் எடையும் விரலும்தான். எனக்கு அது இழப்பாகத் தோன்றவில்லை. காந்தம் இருந்தபோது விசையை முழுவதும் அழுத்திக்கொண்டு என் மகள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். கார் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஓட்டுவது என்ற செயலே இல்லை.

திட்டம் போடும்போதுதான் அப்பா உள்ளே வந்தார். அவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சிறிய பஸ்ஸைப் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் பாதையில் இருப்பவை 14 தான். "போடுவதானால் கல்லட்டியைப் போடுங்கள்" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டார். அவளும் 36 வளைவுகளையும் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் வரைந்து தரையெல்லாம் ஒட்டிவிட்டாள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். நிஜ வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 32-ல் ஒரு பங்கு ஏறத்தாழ 47 சென்டிமீட்டர். ஒரு வளைவுக்கே மேசையில் ஒரு மீட்டர் அகலம் போய்விடும். நாங்கள் உள் காடிக்கு 20 செ.மீ., வெளிக் காடிக்கு 30 செ.மீ. ஆரம் என்று சுருக்கினோம். இதற்கும் குறைத்தால் நீளமான கார்களின் நாக்கு காடிக்குள் மடங்கி இறுகும். காடிகளுக்கு இடையில் 10 செ.மீ.; கார் ஆறு செ.மீ. அகலம் இருப்பதால், வளைவில் ஒன்றின் வால் வீசினால் பக்கத்துக் காரை லேசாகத்தான் தட்டும். வெளி ஓரத்தில் வால் வீசுவதற்குக் குறைந்தது பத்து செ.மீ. விட வேண்டும். இப்படிப் பார்த்தால் 12 அடிக்கு 4 அடி மேசையில் மூன்று கொண்டை ஊசி வளைவுகள் வசதியாக அமைகின்றன. நான்காவதை நுழைத்தால் நேர்ப்பாதை போய்விடும். நேர்ப்பாதையில் வேகம் எடுத்தால்தானே வளைவுக்கு முன் வேகத்தைக் குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது? மூன்று போதும் என்று அப்பாவே சொன்னார்: "34, 35, 36 மட்டும் வைத்துக்கொள்வோம்."

மேசையின் அகலத்தை நான்கு அடிக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்வேன். கார் வெளியே பாய்ந்தால் எட்டி எடுக்க வேண்டும். என் கை நீளத்துக்கு இரண்டரை அடிக்கு மேல் குனிந்து எடுப்பது கடினம், பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் பின்னால் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டோம்.

அடுத்து வந்தது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் தடத்தை வரைந்து, இரண்டு காடிகளின் மேலும் சணல் நூலை வைத்து நீளம் அளந்தாள் என் மகள். முதலில் வரைந்தது எங்கும் குறுக்கே வெட்டாத ஒரு வளையம். உள் காடி வெளிக் காடியைவிட 63 செ.மீ. குறைவாக இருந்தது. அநியாயம் என்று இடமும் வலமுமாக வளைவுகளைச் சேர்த்துப் பார்த்தாள். மறுபடி அளந்தால் அதே 63. ஒரு வளைவை எடுத்துவிட்டாள், அப்போதும் 63. நூலில்தான் கோளாறு என்று நினைத்து வேறு நூல் கேட்டாள்.

நூலில் கோளாறு இல்லை. வலப்பக்கம் திரும்பும்போது எந்தக் காடி உள்ளே இருக்கிறதோ, அதுவே இடப்பக்கம் திரும்பும்போது வெளியே போய்விடுகிறது. இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. ஆனால் குறுக்கே வெட்டாத எந்த வளையத்திலும் கார் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும்போது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு முழு வட்டம் திரும்பியிருக்கும். அந்த ஒரு வட்டத்தின் வித்தியாசம் எப்படி வளைத்தாலும் மிச்சமாக நிற்கும். காடிகளுக்கு இடையில் 10 செ.மீ. என்றால் 2 × 3.14 × 10, அதாவது 62.8. அவள் நூலால் அளந்து கண்டுபிடித்தது இதைத்தான். எங்கள் தடத்தின் சுற்று 11 மீட்டர். பத்துச் சுற்றில் வெளிக் காடியில் ஓடுபவர் அரைச் சுற்றுக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும்.

எட்டு வடிவத்தில் இந்த மிச்சம் இல்லை. ஒரு பக்கம் வலமாக ஒரு சுற்று, மறுபக்கம் இடமாக ஒரு சுற்று. மொத்தத் திருப்பம் சுழியம், இரு காடிகளும் சம நீளம். ஆனால் எட்டு என்றால் தடம் தன்னைத் தானே குறுக்கே கடக்க வேண்டும். அதற்குப் பாலம் வேண்டும், பாலத்துக்கு ஏற்றம் வேண்டும். மலையில் இருந்துகொண்டு ஏற்றத்துக்குப் பயப்படுவானேன் என்று அதையே எடுத்துக்கொண்டோம்.

பாலத்தின் அடியில் 8 செ.மீ. உயரம் இருந்தால் கார் தாராளமாகப் போகும், அவசரத்துக்கு விரலும் நுழையும். பலகைக் கனத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 9.2 செ.மீ. ஏற வேண்டும். எவ்வளவு சரிவு வைப்பது? எங்கள் வீட்டுக்குக் கீழே கூவிக்கொண்டு போகும் நீலகிரி மலை ரயிலின் மிகச் செங்குத்தான ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. அந்த ரயிலுக்குப் பல்சக்கரம் கவ்வி ஏறும் பற்சட்டம் இருக்கிறது. எங்கள் காருக்கு ரப்பர் டயர் மட்டுமே. இருந்தாலும் 12-க்கு 1 சரிவில் கார் திணறாமல் ஏறுகிறது. சிக்கல் சரிவில் இல்லை, சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான். திடீரென்று மடிந்தால் அடியில் காரின் மூக்கு முட்டும். உச்சியில் மூக்கு மேலே நிமிர்ந்து நாக்கு காடியை விட்டு வெளியே வந்துவிடும். அதனால் இரு முனைகளிலும் 30 செ.மீ. நீளத்துக்கு மெல்ல வளைத்து, நடுவில் 80 செ.மீ. மட்டும் முழுச் சரிவாக வைத்தோம். மொத்தம் 1.4 மீட்டரில் 9.2 செ.மீ. ஏறிவிடுகிறது. இறங்கும் பக்கமும் அப்படியே. இறக்கம் முடிந்து நாற்பது செ.மீ. சமதளம், உடனே கொண்டை ஊசி. அந்த நாற்பது செ.மீ. எங்கே வர வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டியவர் அப்பா.

பலகைக்குக் கோயம்புத்தூர் போனேன். மர இழைகளை அழுத்திச் செய்த சாதாரண எம்.டி.எஃப். பலகையில் காடி மிகச் சுத்தமாக விழும், ஆனால் ஈரம் பட்டால் ரொட்டி போல ஊதும். பிளைவுட் ஈரத்தைத் தாங்கும். ஆனால் அடுக்குகளுக்கு நடுவே பொந்துகள் இருக்கும், காடியின் விளிம்பு சிலும்பும், அந்தச் சிலும்பில் நாக்கு மாட்டும். சமையலறை அலமாரிகளுக்குப் போடும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகையைக் கடைக்காரர் காட்டினார். ஈரம் தாங்கும் அடர்த்தியான பலகை. 12 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றரை. கடையிலேயே நான்கடிச் சதுரங்களாக மூன்று துண்டு போட்டு வாங்கிக்கொண்டேன். முழுப் பலகையைப் பிக்கப்பில் ஏற்றி 14 வளைவுகளைக் கடந்து வருவதும் சிரமம், எங்கள் மாடிப்படியில் ஏற்றுவதும் சிரமம். பின்னால் வீடு மாற நேர்ந்தாலும் மூன்று துண்டாகக் கழற்றி எடுத்துப் போகலாம். வரும் வழியில் பர்லியாறு தாண்டியதும் தூறல். தார்ப்பாய்க்கு மேல் இன்னொரு தார்ப்பாய் போட்டுக்கொண்டு வந்தோம்.

காடி எடுக்கும் வேலைக்குத் தெரிந்த தச்சர் ஒருவர், மரத்தில் காடி வெட்டும் மின்கருவியான தன் ரூட்டரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். முற்றத்தில் வைத்துத்தான் செய்தோம். இந்தப் பலகையின் தூசி மிக நுண்ணியது. முகக்கவசம் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது, பிள்ளைகள் நிற்கவே கூடாது. 3 மி.மீ. வெட்டு முனை. காடியின் ஆழம் 8 மி.மீ., ஏற்றம் வரும் பகுதியில் மட்டும் 7. முதல் நாள் முழு ஆழத்தையும் ஒரே தடவையில் இறக்கியதில் இரண்டு முனைகள் முறிந்தன. பாதி ஆழம் ஒரு தடவை, மீதி இன்னொரு தடவை என்று மாற்றியதும் கடைசி வரை ஒரே முனை தாங்கியது.

வளைவுகளுக்கு ஒரு மரச்சட்டத்தின் முனையில் ஆணி அடித்து, 20, 30 செ.மீ. தூரங்களில் ரூட்டரைப் பொருத்திக் கவராயம் போலச் சுற்றினோம். நேர்ப்பாதைக்கு அலுமினியச் சட்டம். நேரிலிருந்து வளைவுக்கு மாறும் இடங்களுக்குத்தான் யோசனை தேவைப்பட்டது. கதவுக்கு அடிக்கும் மெல்லிய பீடிங் கட்டையை வளைத்து, விரற்கடைக்கு ஓர் ஆணி அடித்து நிறுத்தி, அதன் ஓரமாக ரூட்டரை நகர்த்தச் சொன்னார் தச்சர். இரண்டாவது காடிக்கு அளவே தேவையில்லை. ரூட்டரின் அடித்தட்டில் சரியாக 10 செ.மீ. தள்ளி ஓர் ஊசியைப் பொருத்தி, அதை முதல் காடிக்குள் விட்டுவிட்டால் இரண்டாவது காடி தானாக இணையாக விழுகிறது. இந்த ஒரு உபாயத்துக்காகவே அவருக்குக் கூலியோடு ஒரு கிலோ நல்ல தேயிலைத் தூளும் கொடுத்தேன்.

ஏற்றப் பகுதியைத் தனியாகச் செய்யவில்லை. சமதளத்தில் காடி எடுத்து முடித்த பிறகு, தடத்தின் இரு ஓரங்களிலும் வாளால் அறுத்து, ஒரு நாடா போலப் பலகையிலிருந்து விடுவித்தோம். அதன் அடியில் படிப்படியாக உயரும் கட்டைகளைக் கொடுத்தால் பலகை தானே மெல்ல வளைந்து ஏறுகிறது. சரிவு தொடங்கும் இடத்தில் மூட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டையிலும் குறுக்காக ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். குறுக்கே சாய்ந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

வண்ணத்துக்கு வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பளபளப்பில்லாத எமல்ஷன், சாம்பல் நிறம், பஞ்சு உருளையால் மூன்று பூச்சு. எனாமல் அடித்தால் டயர் வழுக்கும். காய்ந்த பிறகு மிக நைசான உப்புத்தாளால் ஒரு முறை தடவிவிட்டால் கார் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.

தாமிர நாடா 6 மி.மீ. அகலம், பின்னால் பசை உள்ளது. காடியின் விளிம்பிலிருந்து ஒன்றரை மி.மீ. தள்ளி இரு பக்கமும் ஒட்ட வேண்டும். மார்ச் மாதக் காலைக் குளிரில் பசை பிடிக்கவே இல்லை. ஒட்டி அரை மணியில் வளைவுகளில் எழுந்துவிட்டது. ஹேர் டிரையரால் பலகையையும் நாடாவையும் வெதுவெதுப்பாக்கி ஒட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்த பிறகு நின்றது. வளைவில் உள்பக்கம் சுருக்கம் விழத்தான் செய்யும். பொறுமையாக ஒரு சாண் ஒரு சாணாக ஒட்டினால் அந்தச் சுருக்கத்தைக் கரண்டியாலேயே படியவைத்துவிடலாம். ஒரு நாடா முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் மட்டும் மின்சாரம் போகாது, நடுவில் பசை இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும். நிதானித்தால் வண்ணம் கருகும்.

மின்சாரத்தை எத்தனை இடங்களில் கொடுப்பது என்பதை அனுமானமாக விடக்கூடாது. எங்கள் நாடா 0.035 மி.மீ. கனம். 6 மி.மீ. அகலத்தோடு பெருக்கினால் 0.21 சதுர மி.மீ.; மீட்டருக்கு ஏறத்தாழ 0.08 ஓம் தடை. 11 மீட்டர் சுற்றில் ஒரே இடத்தில் கொடுத்தால், எதிர்க் கோடியில் இருக்கும் காருக்கு இரு வழியாகவும் மின்சாரம் வந்தாலும், போகவும் வரவும் சேர்த்து அரை ஓம் அளவுக்குத் தடை குறுக்கே நிற்கும். கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இரண்டு ஆம்பியர் இழுத்தால் ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். அந்த எதிர்க் கோடியில்தான் எங்கள் ஏற்றம் இருக்கிறது. நான்கு இடங்களில் துளையிட்டு, அடியிலிருந்து ஒரு சதுர மி.மீ. கம்பியைக் கொண்டுவந்து நாடாவோடு பற்றவைத்தேன். இப்போது எந்த இடத்திலும் தடை கால் பங்குதான். ஏற்றத்தில் கார் சோர்வதில்லை.

ஒவ்வொரு காடிக்கும் தனித்தனியாக 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். எல்.இ.டி. சரவிளக்குக்கு விற்கும் அதே அடாப்டர்தான். ஒன்றையே இரண்டுக்கும் போட்டால், ஒரு கார் வெளியே பாயும்போது மற்றது திடீரென்று துள்ளும் வாய்ப்பு உண்டு. கார் குறுக்கே விழுந்து நாடாக்கள் ஒட்டிக்கொண்டால் அடாப்டர் கெடாமல் இருக்க, ஒவ்வொரு காடிக்கும் தொடராக ஒரு மோட்டார் சைக்கிள் பிரேக் விளக்கு பல்பைக் கோத்திருக்கிறேன்: 12 வோல்ட், 21 வாட். சாதாரணமாக அதன் இழை குளிர்ந்திருக்கும், தடை மிகக் குறைவு, கார் ஓடுவதில் வேறுபாடு தெரியாது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பல்பு பளீரென்று எரியும், மின்னோட்டம் இரண்டு ஆம்பியருக்குள் நின்றுவிடும். எரியும் பல்பைப் பார்த்ததும் எந்தத் தடத்தில் கோளாறு என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுகிறது.

இனி பிரேக். பழைய தொகுப்பின் கன்ட்ரோலர்களில் இரண்டு கம்பிகள் மட்டும் இருந்தன. விசையை விட்டால் மின்சாரம் நிற்கும், கார் உருண்டுகொண்டே போய் இறக்கத்தின் அடியில் வளைவை விட்டு வெளியே பறக்கும். கன்ட்ரோலரைப் பிரித்து மூன்றாவது கம்பி ஒன்றைச் சேர்த்தேன். விசையை முழுவதும் விட்டதும் அந்தக் கம்பி மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடும். சுழலும் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது; தான் உண்டாக்கும் மின்சாரமே தன்னைப் பிடித்து நிறுத்துகிறது. அப்பாவிடம் இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பாதி சொல்வதற்குள் அவர், "இது என்ஜின் பிரேக் அல்லவா? ஏறுவதற்கு என்ன கியர் போடுவாயோ அதே கியரில் இறங்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தானே" என்றார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

ஆனால் முழு பிரேக் கடுமையாக இருந்தது. சமதளத்தில் அருமையாக நிற்கும் கார், இறக்கத்தில் விசையை விட்டதும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வாலை வீசியது. பேத்தி இருபது முறை முயன்று இருபது முறையும் கவிழ்ந்தாள். அப்பா மேசை ஓரத்தில் முழங்காலிட்டு, கண்ணைத் தடத்தின் மட்டத்துக்கு வைத்துக்கொண்டு பார்த்தார். "இறக்கத்தில் எடை எல்லாம் முன்னால் போய்விடுகிறது. பின்சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. அதை இவ்வளவு அழுத்திப் பிடித்தால் வழுக்கத்தான் செய்யும். கொஞ்சம் இளக்கிக் கொடு" என்றார். பிரேக் கம்பியில் மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஒன்றைக் கோத்தால் பிடி இளகும். 10 ஓம் வைத்தேன். பிரேக் இருப்பதே தெரியவில்லை. 2.2 ஓமில் வால் இன்னும் ஆடியது. 4.7 ஓமில் சரியாக அமர்ந்தது. ஐந்து வாட் தாங்கும் கம்பிச் சுற்று ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். மின்பொருள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். இந்தத் தடத்தில் நான் செய்த எந்த மாற்றமும் ஓட்டத்தை இவ்வளவு மாற்றவில்லை.

கார்களிலும் கொஞ்சம் வேலை இருந்தது. காந்தத்தைக் கழற்றிவிட்டு, டயர் கடையில் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் ஈயத் துண்டுகளை வாங்கி, நாக்குக்குச் சற்றுப் பின்னால் தரைக்கு மிக நெருக்கமாகப் பத்து கிராம் ஒட்டினேன். ஈயத்தைப் பிள்ளைகள் தொடாதபடி மேலே நாடா சுற்றிவிட்டேன். நானும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தொகுப்பில் வந்த டயர்கள் முழு வட்டமாக இல்லை. உப்புத்தாளைத் தடத்தில் விரித்துப் பிடித்து, பின்சக்கரங்களை அதன் மேல் ஓடவிட்டுத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் வட்டமாகிவிடும். அதன் பிறகு கார் அதிராமல் ஓடும்.

ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. கோடை விடுமுறை முழுவதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் மாடியில்தான். இத்தோடு முடிந்தது என்றிருந்தேன்.

அக்டோபர் மூன்றாவது வாரம் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் கார் பாலத்தில் ஏறும்போது நின்றது. மின்சாரம் இருந்தது. நாக்கைத் தொட்டுப் பார்த்தால் காடிக்குள் இறுகிக் கிடந்தது. 3 மி.மீ. இருக்க வேண்டிய காடி சில இடங்களில் இரண்டரைக்குக் குறைந்திருந்தது. ஏற்றப் பகுதிப் பலகையின் ஓரங்கள் இரண்டும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாதக்கணக்கான உழைப்பு.

காரணம் மறுநாள் புரிந்தது. இரண்டு தவறுகள், இரண்டும் என்னுடையவை. மேல்பக்கத்துக்கு மூன்று பூச்சு அடித்த நான், கண்ணுக்குத் தெரியாது என்று அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருந்தேன். அடிப்பக்கம் ஓதத்தை உறிஞ்சி விரிந்தது, மேல்பக்கம் விரியவில்லை, பலகை சுருண்டது. கீழே சட்டங்களில் திருகாணி போட்டு முடுக்கியிருந்த சமதளப் பகுதி தப்பித்தது. கட்டைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருந்த ஏற்றம்தான் மாட்டிக்கொண்டது. இரண்டாவது, காடியின் உட்சுவர்கள். உருளை மேலே மட்டும் ஓடியது, வெட்டுப்பட்ட பச்சைப் பலகைக்குப் பூச்சே இல்லை. ஈரம் தாங்கும் பலகை என்றாலும் வெட்டுவாயில் அது மற்ற பலகைகளைப் போலத்தான். அங்கே ஊதி, காடி நெருங்கியது.

டிசம்பர் கடைசியில் நான்கு நாள் வெயில் வந்தது. அறைக்குள் ஹீட்டரும் வைத்து நன்றாக உலரவிட்டோம். பலகை முக்கால்வாசி பழைய நிலைக்குத் திரும்பியது. உலோகம் அறுக்கும் ரம்பத்தின் தகட்டில் இரு பக்கமும் உப்புத்தாளை ஒட்டி, காடிக்குள் விட்டு இழுத்து இழுத்து அகலத்தை மீட்டோம். பக்கத்துத் தாமிர நாடாவில் கீறல் விழாமல் இருக்க இரு ஓரத்திலும் தபால் அட்டையைப் பிடித்துக்கொள்ள என் மகள் கூட நின்றாள். பிறகு மரத்துக்கு அடிக்கும் சீலரைத் தின்னர் ஊற்றித் தண்ணீர் போலக் கரைத்து, பாட்டில் கழுவும் மெல்லிய தூரிகையால் காடிக்குள் இரண்டு முறை ஓட்டினோம். மூன்று பலகைகளையும் கழற்றிக் கவிழ்த்து, அடிப்பக்கத்துக்கும் அறுத்த ஓரங்களுக்கும் பிரைமர் இரண்டு பூச்சு. ஏற்றத்தின் ஒவ்வொரு கட்டையிலும் கீழிருந்து திருகாணி ஏற்றி முடுக்கினோம். இவ்வளவையும் காடி எடுத்த மறுநாளே செய்திருந்தால் இரண்டு நாள் வேலை. தாமிரம் ஒட்டிய பிறகு செய்ததால் மூன்று வாரம்.

இனி ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேசைக்கு அடியில் ஒரு சிறிய குண்டு பல்பை எரியவிடுவதாக இருக்கிறேன். இங்கே பலர் துணி அலமாரிக்குள் செய்வதுதான். பக்கங்களில் பழைய போர்வையைத் தொங்கவிட்டால் அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். போர்வை பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டில் ஆள் இல்லாதபோது அணைத்துவிட வேண்டும். தாமிரம் நிறம் மங்குவதை என்ன செய்தாலும் தடுக்க முடியவில்லை. வாரம் ஒரு முறை பென்சில் ரப்பரால் ஒரு சுற்றுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். களிம்பு பிடிக்கும் வரை விடக்கூடாது.

இப்போது ஒரு சுற்றுக்கு மகள் 7.6 வினாடி எடுக்கிறாள், நான் 8 வினாடிக்கு மேல். அப்பா 9 வினாடி, ஆனால் இந்த ஜனவரியில் இதுவரை அவர் கார் ஒரு முறை கூட வெளியே பாய்ந்ததில்லை. மூன்று வளைவுகளிலும் மஞ்சள் பலகை நட்டு, கல்லட்டியில் இருப்பது போல 34/36, 35/36, 36/36 என்று அவரே எழுதியிருக்கிறார். பாலத்தின் அடியில் கைப்பிடிச் சுவர் மட்டும் இன்னும் பாக்கி. அதற்கு வேண்டிய சிறு கற்களை அருகில் உள்ள காட்டேரி என்ற ஊரிலிருந்து பொறுக்கி வந்து, கழுவி, சன்னல் திண்டில் காயவைத்திருக்கிறோம்.